“கர்ப்பப்பை பின்பக்கமா சாஞ்சிருக்காம், குழந்தை தங்குமா டாக்டர்?”

ஏற்காட்டு மலையில், டவுனை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரிலிருந்து வந்த கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 26 வயது, காபித் தோட்டத்தில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்காத ஆள் இல்லை. வீட்டுக்காரர் சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வெள்ளி உருக்கும் வேலை பார்க்கிறார், அங்கேயே தங்கிக்கொண்டு வாரக் கடைசியில் மலைக்கு வருகிறார். ஒரு வீடியோவில் 12-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாளுக்குள் சேர்ந்தால்தான் குழந்தை உண்டாகும் என்று பார்த்துவிட்டு, மாதாமாதம் அந்த நாட்களுக்கு மட்டும் லீவு போட்டு வருகிறார். மற்ற நாட்களில் ‘சத்து வீணாகும்’ என்று இருவரும் ஒதுங்கியே இருக்கிறார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, வலது சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. 21-ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து ‘முட்டை வெடிக்கவில்லை’ என்று சொல்லி, ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் நேராக டெஸ்ட் ட்யூப் பேபி ‘பேக்கேஜ்’ பேசியிருக்கிறார்கள். இது போக வெள்ளைப்படுதல் பயம், அத்தையின் குத்தல் பேச்சு, கூடவே அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருக்கும் கவலை.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

கடிதத்தின் ஓரத்தில் கடைசியாக வந்த மாதவிலக்கு இடைவெளிகளைப் பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், 36, 39, 37, 41, 38 என்று, ஸ்கேன் ரிப்போர்ட்டை விட எனக்கு அதுதான் அதிகம் சொன்னது. ஆனால் அதற்கு முன்னால் சாய்ந்த கர்ப்பப்பையை ஒரு வழியாக முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது அந்த வரிதான்.

நம்மில் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பை முன்பக்கமாக, சிறுநீர்ப்பை மேல் சாய்ந்திருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்குப் பின்பக்கமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். மூக்கு கொஞ்சம் கோணலாக இருந்தால் மூச்சு நின்றுவிடாது இல்லையா, அதே மாதிரி. ஸ்கேன் எடுப்பவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எழுதியே ஆக வேண்டும், அது அங்க அடையாளம். நோயென்று அர்த்தமில்லை. கரு உண்டாவதற்கும் தங்குவதற்கும் இதனால் தடை கிடையாது, கர்ப்பம் மூன்று மாதத்தைத் தாண்டும்போது கர்ப்பப்பை தானாகவே நிமிர்ந்து வயிற்றுக்குள் மேலேறிவிடும். மாதவிலக்கின்போதும் உறவின்போதும் கடுமையான வலி இருந்தால் மட்டும் வேறு காரணம் தேட வேண்டும். உங்களுக்கு அப்படி ஏதுமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயிறு தேய்த்து ‘நேராக்கி’ விடுவதாகச் சொல்லும் ஆட்களிடம் போக வேண்டாம்.

14-ஆம் நாள் யாருடைய நாள்?

கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு அது 14-ஆம் நாளாக அமையும், அந்த வீடியோ அவர்களுக்கானது. உங்களுக்கு 36 முதல் 41 நாள். அதில் 14-ஐக் கழித்தால் 22-இலிருந்து 27-க்குள் வருகிறது. விந்தணு உடம்புக்குள் அதிகபட்சம் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம்தான். நீங்கள் 16-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டால் அந்த விந்தணு மிஞ்சிப்போனால் 21 வரை தாங்கும், உங்கள் முட்டையோ 22-க்கு மேல்தான் வருகிறது. லீவு போட்டு, சம்பளம் விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, மாதாமாதம் மயிரிழையில் தவறவிட்டிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த வெள்ளைப்படுதல். “இருபது நாளைக்கு மேல், மூணு நாலு நாளைக்கு, பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு வருது, விரல்ல தொட்டா நூலா இழுக்குது, வாடையோ அரிப்போ இல்லை, எலும்பு உருகி வருதுன்னு அத்தை சொல்றாங்க, அந்த நாள்ல அவரைக் கிட்டவே விடறதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, முட்டை வரப்போகிறது என்று உடம்பு சொல்லும் அடையாளமே அதுதான்! கர்ப்பப்பையின் வாயில் சுரக்கும் நீர் அந்த நாட்களில் இளகி, விந்தணு நீந்திப் போக வழிவிடுகிறது. மற்ற நாட்களில் அது கெட்டியாகக் கதவடைத்துவிடும். எலும்பும் உருகவில்லை, சத்தும் போகவில்லை. எந்த நாட்களைத் தேடி அலைந்தீர்களோ அந்த நாட்களில்தான் பயந்து விலகியிருக்கிறீர்கள்.

ஆகவே இனிமேல், ரத்தம் வரத் தொடங்கிய முதல் நாளை ஒன்று என்று எண்ணுங்கள், தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணக்கூடாது. 17-ஆம் நாளிலிருந்து 27 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும், நூலிழுக்கும் நாட்களைத் தவற விடாதீர்கள். வீட்டுக்காரர் அத்தனை நாள் வர முடியாது என்றால் நீங்கள் சேலத்துக்கு இறங்கிப் போய்த் தங்க வழியுண்டா என்று பாருங்கள், பட்டறையில் கேட்டு அந்த மாதிரி ஓர் ஏற்பாடு இரண்டு மூன்று மாதத்துக்குச் செய்துகொள்வது எந்த மாத்திரையையும் விட முக்கியம். விந்தைச் சேர்த்து வைத்தால் வீரியம் கூடும் என்பது தவறு. ரொம்ப நாள் தேங்கினால் விந்தணுவின் ஓட்டம் குறையத்தான் செய்யும்.

உறவுக்குப் பிறகு வெளியே வழிந்துவிடுகிறது, கர்ப்பப்பை ஏற்றுக்கொள்ளவில்லையோ என்ற பயம் உங்களுக்கு மட்டுமல்ல, என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேராவது தயங்கித் தயங்கிக் கேட்பது அது. வழிவது திரவம்தான், போக வேண்டிய விந்தணுக்கள் சில நிமிஷத்திலேயே கர்ப்பப்பை வாய்க்குள் போய்விடும். இடுப்புக்குத் தலையணை, காலைச் சுவரில் தூக்கி வைப்பது எல்லாம் தேவையில்லை.

‘முட்டை வெடிக்கலை’ என்றார்களே

21-ஆம் நாள் பார்ப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். முட்டை வெளிவந்து ஒரு வாரம் கழித்து அது உச்சத்தில் இருக்கும், 28 நாள் சுழற்சிக்கு அது 21-ஆம் நாளில் அமைகிறது. உங்களுக்கு 21-ஆம் நாளில் முட்டை வெளிவந்தே இருக்காது, அப்புறம் எப்படி ஹார்மோன் ஏறும்? அந்தப் பரிசோதனையை 30-ஆம் நாள் வாக்கில் எடுத்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படி எடுத்துப் பாருங்கள், மூன்றுக்கு (ng/ml) மேல் வந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீர்க்கட்டி பற்றி இனிப்புப் பூசாமல் சொல்கிறேன். ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லை, வளராமல் நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள். ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று முடிவு கட்டக்கூடாது. சுழற்சி ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடிய அறிகுறி (முகத்தில் முடி, பருக்கள்), ஸ்கேன் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். உங்களுக்கு முகத்தில் முடி இல்லை, எடை 49 கிலோதான், ஆனால் சுழற்சி 35 நாளைத் தாண்டுவதால் லேசான பிசிஓடி இருக்கலாம். அதற்கு முன் தைராய்டும் புரோலாக்டினும் (பால் சுரப்பு ஹார்மோன்) பார்க்க வேண்டும், அவை கெட்டாலும் நாள் தள்ளும். அப்படியே பிசிஓடி என்றாலும், உண்டாகாது என்று அதற்கு அர்த்தமில்லை. முட்டை சரியாக வெளிவராவிட்டால் மாதத்தில் ஐந்து நாள் சாப்பிடும் லெட்ரோசோல் மாத்திரை இருக்கிறது, பெரும்பாலோருக்கு அதுவே போதும். டாக்டர் கண்காணிப்பில்தான், மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

டெஸ்ட் ட்யூப் பேபி நல்ல சிகிச்சைதான், கருக்குழாய் இரண்டும் அடைத்தவர்களுக்கு, விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கு அது வரம். ஆனால் விந்துப் பரிசோதனை செய்யாமல், கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல், 26 வயதுப் பெண்ணிடம் முதல் பேச்சிலேயே சில லட்ச ரூபாய் பேக்கேஜைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. நகையை அடகு வைக்க வேண்டாம். பின்னால் எப்போதாவது தேவைப்பட்டாலும், 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகலையும் வாங்கி வையுங்கள்.

வீட்டுக்காரரின் பரிசோதனை

இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். ஒரு வருஷம் முயன்றும் நிற்கவில்லை என்றால் இருவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் (35 வயதைத் தாண்டிய பெண் என்றால் ஆறு மாதத்திலேயே). குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கும். “எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று அவர் சொல்வது உறவு கொள்ளும் சக்தியைப் பற்றி. விந்தணு எத்தனை, ஓடுகிறதா என்பது மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும், நிறத்தையோ கெட்டியையோ பார்த்துச் சொல்ல முடியாது.

பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்துக்கொண்டு மலையிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோகிற யோசனை வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருந்து அடிவாரம் இறங்குவதற்குள்ளேயே அது போய்விடும். சேலத்தில் லேபிலேயே தனி அறை கொடுப்பார்கள். ரிப்போர்ட்டில் மில்லிக்கு 16 மில்லியன், ஓட்டம் 42 சதவீதம் என்ற அளவுக்கு மேலிருந்தால் கவலையில்லை. ‘நார்மல் உருவம் 4 சதவீதம்’ என்று இருந்தால் பதறிவிடாதீர்கள், நாலே போதும். குறைவாக வந்தாலும் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாமல் இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

அவருடைய வேலையைப் பற்றி நீங்கள் எழுதியதால் சொல்கிறேன். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே சூடு ஆகாது என்பதால்தான், உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உற்பத்தியாகும். நாளெல்லாம் உருக்கு அடுப்புக்கு முன் குந்தியிருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையாகலாம். வேலையை விடச் சொல்லவில்லை, அது சோறு போடும் வேலை. அடுப்புக்கு எதிரே உட்காராமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து, இறுக்கமான ஜட்டி இல்லாமல் இருந்தால் சரி. பற்றவைக்கும் பொடியில் காட்மியம் இருந்தால் அந்தப் புகையும் விதைப்பைக்குக் கெடுதல், நுரையீரலுக்கு அதைவிடக் கெடுதல், ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேன் வெளியே தள்ளும்படி போடச் சொல்லுங்கள். அவர் போடும் ஹான்ஸ் புகையிலையை விடத்தான் வேண்டும், அதில் சமாதானம் கிடையாது. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், அதனால் இன்று விட்டால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

எது நோய், எது இல்லை

தயிர்த் திட்டு மாதிரி படுவதும் கடுமையான அரிப்பும் பூஞ்சைத் தொற்று. மீன் வாடை, மஞ்சள் பச்சை நிறம், நுரை, உறவுக்குப் பின் ரத்தம் இவையெல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. உள்ளே சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். அங்கே இயற்கையாகவே ஓர் அமிலத்தன்மையும் நல்ல கிருமிகளும் காவலுக்கு இருக்கின்றன, கழுவக் கழுவத் தொற்றுதான் வரும். வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும். சிறுநீர் வரும் வழியும் மாதவிலக்கு வரும் வழியும் ஒன்றா என்று கேட்டு, தப்பாக நினைக்காதீர்கள் என்று அடைப்புக்குறியில் எழுதியிருக்கிறீர்கள். இதில் தப்பு என்ன இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை டீச்சர்களே தாண்டிப் போய்விடுகிறார்கள். வேறு வேறு வழிதான். மேலே சிறுநீர்த் துவாரம், நடுவில் பிறப்புறுப்பின் வாய், கீழே மலத்துவாரம்.

அத்தையின் பேச்சு

கருப்பையில் ‘சூடு’ என்று அவர் கஷாயம் கொடுப்பதும், சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டதும் ஒரு பக்கம் இருக்கட்டும், கோயிலுக்குத் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். என்ன போட்டுக் காய்ச்சியது என்று தெரியாத கஷாயத்தை மட்டும், நிற்கும் என்று காத்திருக்கும் மாதங்களில் குடிக்க வேண்டாம். ஆனால் ‘மலடி’ என்று நாலு பேர் முன்னால் சொல்வதும், மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்பதும் வேறு விஷயம். இந்து திருமணச் சட்டத்தில் குழந்தை இல்லை என்பது விவாகரத்துக்குக் காரணமே கிடையாது, முதல் மனைவி இருக்க இன்னொரு கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குழந்தை இல்லை என்று சொல்லி இழிவுபடுத்துவதை வன்முறை என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. நாளைக்கே புகார் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதே வீட்டில்தான் நீங்கள் இருக்கப் போகிறீர்கள். முதலில் வீட்டுக்காரர் வாயைத் திறக்க வேண்டும், “எனக்கும் டெஸ்ட் எடுக்கணும்மா, அதுவரைக்கும் அவளை ஒண்ணும் சொல்லாதே” என்று அவர் ஒரு தடவை சொன்னால் பாதிப் பேச்சு அடங்கும். கை நீட்டுவது, சோறு போடாதது என்று போனால் 181-க்கு அழையுங்கள், இலவசம்.

அம்மாவின் ஆபரேஷன்

அம்மாவுக்கு 43 வயது, எட்டு நாள் வரை கட்டிகட்டியாகப் போகிறது, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.2, கர்ப்பப்பையில் 3 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு (தசைக் கட்டி). “பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, விட்டா கேன்சராயிடும், காப்பீட்டு அட்டையில காசில்லாம எடுத்துடலாம்” என்றார்களாம். இந்த மூன்றில் எதுவும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. ஃபைப்ராய்டு புற்றுநோயாவது மிக மிக அபூர்வம், மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும். அட்டையில் இலவசம் என்பது பணத்தைப் பற்றிய செய்தி, தேவையைப் பற்றியதல்ல. வட மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் மத்திய அரசின் வழிகாட்டுதலை எல்லா மாநிலமும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவே வந்திருக்கிறது.

அதற்காக இதைத் தள்ளிப் போடவும் கூடாது, 8.2 என்பது கம்மி. முதலில் இரும்புச்சத்து, ஊசியாகவே போட வேண்டியிருக்கலாம். தைராய்டு பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், இந்த வயதில் இவ்வளவு போகும்போது அதை விடக்கூடாது. போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் மாத்திரை உண்டு (காலில் ரத்தக் கட்டி வந்திருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்). கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்று உண்டு, காப்பர்-டி மாதிரியே வைப்பார்கள், ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்யும், பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகிறது. இதெல்லாம் செய்தும் அடங்கவில்லை, அல்லது திசுப் பரிசோதனையில் ஏதாவது தப்பாக வந்தது என்றால் ஆபரேஷன்தான் சரி, நானே செய்யச் சொல்வேன். அப்போதும் “சினைப்பையை விட்டுவைப்பீர்களா?” என்று கேளுங்கள். ஹார்மோன் சுரப்பது அங்கேதான், 43-இல் இரண்டையும் எடுத்துவிட்டால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும், எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லதில்லை. கையெழுத்துக் கேட்டால் யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு, ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் அதே நடையில் முடித்துவிடலாம், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை, உங்களுக்குத் தைராய்டு, புரோலாக்டின், ரத்த அளவு. ஃபோலிக் அமில மாத்திரையை இன்றே தொடங்குங்கள், ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே கேட்டால் கொடுப்பார்கள், கரு நின்ற பிறகு தொடங்குவதைவிட முன்பே தொடங்குவதுதான் குழந்தையின் முதுகுத்தண்டுக்குப் பாதுகாப்பு. எல்லாம் சரியாக இருந்தால் சரியான நாட்களில் மூன்று நான்கு மாதம். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் கருக்குழாய் பரிசோதனை, மாதவிலக்கு முடிந்த கையோடு, பத்தாம் நாளுக்குள் எடுப்பது. இன்னொன்று, 30-ஆம் நாளிலேயே கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி ஒரு கோடுதான் வந்தது என்று அழுததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் சுழற்சிக்கு அது ரொம்பச் சீக்கிரம். 42-ஆம் நாள் வரை பொறுத்து, காலையில் போகும் முதல் சிறுநீரில் பாருங்கள்.